உளவியலில் நீங்களே வடிவமைக்கும் முதுமாணிப் பட்டம்: வன்னியிலிருந்து விண்ணப்பிக்கிறவர்களுக்கு

முதல் தடவை நான் விண்ணப்பப் படிவத்தில் இருந்துதான் தொடங்கினேன். கட்டணத்தைக் கட்டி, கேட்ட ஆவணம் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு ஐந்து மாதம் காத்திருந்தேன். வந்த பதில் இரண்டே வரி. உங்களை மேற்பார்வை செய்ய எங்கள் பேராசிரியர் எவரும் ஒப்புக்கொண்டதாகக் கோப்பில் இல்லை, ஆகவே விண்ணப்பம் பரிசீலனைக்குப் போகவில்லை. கட்டிய காசு திரும்பி வரவில்லை. கிளிநொச்சியில் உளவளத்துணைக் களப்பணி செய்கிற ஒருத்தியின் சம்பளத்தில் அது சின்னக் காசு இல்லை. அடுத்த வருடம் படிவத்தைக் கடைசி வேலையாக வைத்தேன். இடம் கிடைத்தது. பிறகு என்னோடு வேலை செய்த இரண்டு தங்கச்சிமாருக்கும் இதே ஒழுங்கில் செய்து கொடுத்தேன். அந்த ஒழுங்கைத்தான் கீழே எழுதுகிறேன்.

எந்தப் பட்டத்தைச் சொல்கிறேன் என்றால், பல்கலைக்கழகம் ஆயத்தமாக வைத்திருக்கும் பாடத்திட்டத்துக்குள் நீங்கள் போய் இருப்பது அல்ல. உளவியலை நடுவில் வைத்து, அதோடு மானிடவியல், பொதுச் சுகாதாரம், சமூகவேலை, கல்வி என்று உங்கள் கேள்விக்குத் தேவையான ஒன்றிரண்டு துறைகளைச் சேர்த்து, பாடங்களையும் ஆய்வையும் நீங்களே கட்டி, அதற்கு அவர்களுடைய ஒப்புதலைப் பெறுவது. மொன்றியலில் கொன்கோர்டியா, வன்கூவர் பக்கத்தில் சைமன் பிரேசர் ஆகிய கனேடியப் பல்கலைக்கழகங்களிலும், அமெரிக்காவில் நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் கலற்றின் பள்ளியிலும் இப்படியான பட்டங்கள் உண்டு. எல்லா இடத்திலும் ஒரே முறை இல்லை. சில இடங்களில் மேற்பார்வையாளர் முதலே கையில் இருக்கவேண்டும். சில இடங்களில் சேர்ந்த பிறகுதான் ஆலோசகரைத் தருவார்கள். நீங்கள் பார்க்கிற இடம் இதில் எந்த வகை என்பதை முதல் நாளே வாசித்து அறிந்துகொள்ளுங்கள். நான் தவறவிட்டது அதைத்தான்.

கால அளவு: செப்டெம்பரில் படிப்புத் தொடங்கும் என்றால் விண்ணப்ப முடிவு பெரும்பாலும் அதற்கு முந்திய டிசெம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் வரும். நீங்கள் அதற்கும் முந்திய மார்ச்சில் தொடங்கவேண்டும். ஆகமொத்தம் 18 மாதம். ஊரில் கேட்கிறவர்கள் "இவ்வளவு காலமோ" என்பார்கள். எங்கள் ஆவணங்கள் கிடக்கிற நிலைக்கு இது கூடுதல் இல்லை.

1. இந்தப் பட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

இதைப் படித்தால் நீங்கள் மருத்துவ உளவியலாளர் ஆகமாட்டீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே பலர் அந்த எண்ணத்தோடுதான் வருகிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் உளவியலாளராகத் தொழில் செய்யத் தனி அனுமதி வேண்டும். அதற்கென்று அங்கீகரித்த பயிற்சி நெறிகள் இருக்கின்றன. நீங்களே வடிவமைத்த பட்டம் அந்தக் கணக்கில் வராது. வைத்தியசாலையில் நோயாளரைப் பார்ப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் இத்தோடு நிறுத்திவிட்டு, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உளவியல் நெறியைப் பற்றி விசாரியுங்கள். ஆய்வு, விரிவுரை, நிறுவனங்களில் திட்ட வடிவமைப்பு, கொள்கை வேலை என்று போகிறவர்களுக்கு இது நல்ல வழி.

திரும்பி வந்து அரச வேலையில் சேர நினைக்கிறவர்கள் இன்னும் இரண்டு விடயம் பார்க்கவேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொள்கிறதா என்பது ஒன்று. மற்றது, இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பட்டம் எந்த மட்டத்தில் நிற்கும் என்பது. பாடங்களால் மட்டும் ஆன முதுமாணி மட்டம் 9. ஆய்வும் சேர்ந்த முதுமாணி மட்டம் 10. திட்டம் உங்கள் கையில் இருப்பதால் ஆய்வுக்கட்டுரை உள்ள வழியையே தெரிவுசெய்யுங்கள். பிறகு மாற்ற முடியாது.

உங்கள் இளமாணி 3 வருடப் பொதுப் பட்டமா, 4 வருடச் சிறப்புப் பட்டமா? வட அமெரிக்காவில் பல இடங்கள் 4 வருடம் கேட்கும். 3 வருடம் என்றால் கட்டணம் கட்ட முன்னர் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தங்கச்சிமாரில் ஒருத்திக்கு, உள்ளூரில் செய்த ஒரு வருடப் பட்டப்பின் டிப்ளோமாவையும் சேர்த்துப் பார்த்தார்கள். கேட்டபடியால்தான் அது தெரியவந்தது.

2. கேள்வியை ஒரு பந்தியில் எழுதுங்கள்

விண்ணப்பத்தின் உயிர் இதுதான். இதற்கு நான் மூன்று மாதம் எடுத்தேன். நீங்களும் எடுங்கள்.

என் முதல் விண்ணப்பத்தில் "போரால் பாதிக்கப்பட்ட மக்களின் உளநலம்" என்று எழுதியிருந்தேன். அது கேள்வி இல்லை, தலைப்பு. அதைப் பார்க்கிறவர் "இதை உளவியல் துறையிலேயே செய்யலாமே, ஏன் எங்களிடம் வருகிறீர்கள்" என்று கேட்பார். பல்துறைப் பட்டத்துக்கு நீங்கள் நிறுவவேண்டியது அதைத்தான்: எந்த ஒரு துறையும் தனியே இந்தக் கேள்வியைத் தாங்காது.

என் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். நான் வேலை செய்த இடத்தில் ஒரு தாய். மகன் 2009இல் காணாமல் போனவர். உடலும் இல்லை, சேதியும் இல்லை. அந்தியேட்டி செய்யவில்லை, திவசம் கொடுப்பதில்லை. செய்தால் பிள்ளை செத்துவிட்டான் என்று தானே சொன்னதாகிவிடும் என்பார். ஆனால் ஒவ்வொரு வைகாசியும் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குப் போவார். பானையில் தன் வீட்டுக் கணக்குக்கு அரிசி போட்ட பிறகு, சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த ஒரு பிடியை அவிழ்த்து அதற்குள் போடுவார். அது மகனுக்கு. (அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.) நான் பக்கத்தில் இருந்து பார்த்த அந்த ஒரு பிடி அரிசிதான் என் கேள்வி.

உடல் கிடைக்காத இழப்பை உளவியலில் தெளிவற்ற இழப்பு என்பார்கள். போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் கொடுத்த பெயர் அது. அவருடைய எழுத்து எனக்கு ஒரு பாதியைத் தந்தது. மற்றப் பாதி நேர்த்திக்கடனைப் பற்றியது. அது மானிடவியல். இப்படியான தாய்மாரை மனச்சோர்வு வினாக்கொத்தால் அளந்துவிட்டு மாத்திரை கொடுக்கும் சேவைகள் எதை மாற்றவேண்டும் என்பது பொதுச் சுகாதாரம். மூன்றையும் ஒரு பந்தியில் எழுதி, "உளவியல் மட்டும் என்றால் எதை இழப்போம், மானிடவியல் மட்டும் என்றால் எதை இழப்போம்" என்று இரண்டு வசனம் சேர்த்தேன். நேர்காணலில் அந்த இரண்டு வசனத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள்.

எங்கள் இடத்தைப் பற்றி முன்னர் எழுதப்பட்டதை வாசிக்காமல் எழுதாதீர்கள். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களின் கூட்டு மனவடுவைப் பற்றி 2010இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள். அதற்கு அப்பால் நீங்கள் எதைச் சேர்க்கப் போகிறீர்கள் என்பது உங்கள் பந்தியில் தெரியவேண்டும்.

இன்னொன்று. உங்கள் சொந்த இழப்பை எவ்வளவு எழுதுவது என்பது உங்கள் முடிவு. "சோகக் கதை எழுதினால் இடம் கிடைக்கும்" என்று சொல்லி, உங்கள் குடும்பத்தின் கதையை ஊதிப் பெருப்பித்து எழுதித்தர ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போகவேண்டாம். எனது இழப்பைப் பற்றி நான் ஒரே ஒரு வசனம்தான் எழுதினேன்.

3. மேற்பார்வையாளரைத் தேடிக் கடிதம் போடுங்கள்

மே மாதத்தில் தொடங்குங்கள். ஜூலையில் பலர் விடுமுறையில் போய்விடுவார்கள்.

ஒரு துறையில் முதன்மை மேற்பார்வையாளர், மற்றத் துறைகளில் ஒன்று அல்லது இரண்டு பேர். இதுதான் வழக்கமான குழு. பேராசிரியரின் பக்கத்தில் அவருடைய கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளில் இரண்டையாவது உண்மையாகவே வாசியுங்கள். ஓய்வுபெற்றவரா, புது மாணவரை எடுக்கிறாரா என்றும் அங்கேயே போட்டிருப்பார்கள்.

கடிதம் ஒரு திரைக்குள் அடங்கவேண்டும். நான் எழுதிய ஒழுங்கு: நான் யார், எங்கே எத்தனை வருடம் என்ன வேலை செய்கிறேன் (ஒரு வசனம்). கேள்வி (மூன்று வசனம்). உங்கள் இன்ன கட்டுரையின் இன்ன கருத்து இதற்கு ஏன் வேண்டும் (இரண்டு வசனம்). வருகிற ஆண்டுக்கு மாணவர் எடுக்கிறீர்களா, 15 நிமிடம் கதைக்க முடியுமா (ஒரு வசனம்). ஒரு பக்கத் திட்டத்தைப் பிடிஎஃப்பாக இணைத்தேன். ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றிப் பத்துப் பேருக்கு அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரே துறையில் இருவருக்கு ஒரே நேரத்தில் அனுப்பினாலும் அவர்களுக்குள் கதைத்துவிடுவார்கள்.

நான் 14 பேருக்கு எழுதினேன். 5 பேர் பதில் போட்டார்கள். அதில் 2 பேர் சரி என்றார்கள். மூன்றாமவரை அந்த இருவரில் ஒருவரே அறிமுகப்படுத்தினார். பதில் வராவிட்டால் இரண்டு கிழமை கழித்து ஒரு தடவை நினைவூட்டுங்கள், பிறகு விட்டுவிடுங்கள். பதில் வராத ஒவ்வொரு கிழமையும் எனக்கு மனம் விழுந்துபோகும். உங்களுக்கும் அப்படி இருக்கும். அது உங்கள் தரத்துக்குக் கிடைத்த தீர்ப்பு இல்லை.

சரி என்றவரிடம், "குழுவில் இருக்கச் சம்மதம்" என்று ஒரு வரியையாவது மின்னஞ்சலில் எடுத்துக்கொள்ளுங்கள். அழைப்பில் சொன்னது கோப்பில் சேராது.

4. பாடத்திட்டம் கட்டுதல்

பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியலைத் திறந்து, பாட இலக்கம், துறை, எந்தத் தவணை, ஏன் வேண்டும் என்று நாலு நிரலில் எழுதுங்கள். இங்கே மூன்று பொறிகள் உண்டு. பட்டியலில் பெயர் இருக்கும், ஆனால் பாடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். அந்தத் துறை மாணவருக்கு மட்டும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். முன்தேவைப் பாடம் கேட்கும். மூன்றுக்கும் துறைச் செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் பதில் தருவார்.

ஆய்வு முறைப் பாடம் ஒன்றாவது கட்டாயம் வையுங்கள். புள்ளிவிபரத்துக்குப் பயந்து பண்புசார் முறையை மட்டும் வைத்தவர்களிடம் குழு அதையே கேட்கும்.

எங்கள் தாய்மாரை ஆய்வுக்கு எடுப்பதென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அதைத் திட்டத்திலேயே எழுதுங்கள்: சம்மதம் எப்படிக் கேட்பீர்கள், கதைக்கும்போது ஒருவர் உடைந்துபோனால் எந்த உளவளத்துணையாளரிடம் அனுப்புவீர்கள், ஒலிப்பதிவு எங்கே இருக்கும், ஊரில் பெயர் வெளியே தெரியாமல் எப்படிக் காப்பீர்கள். கனடாவின் மனித ஆய்வு நெறிமுறைப் பயிற்சியான ரி.சி.பி.எஸ். 2 கோர் இணையத்தில் இலவசம், முடித்தால் சான்றிதழ் வரும். ஒரு சனி ஞாயிறில் முடிக்கலாம். அதை இணைத்தது எனக்குப் பயன்பட்டது.

5. ஆவணங்கள்: எங்களுக்கு அதிகம் சுணங்குவது இங்கேதான்

கேள்வியை எழுதத் தொடங்கிய கிழமையே இதையும் தொடங்குங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவேண்டும்.

*பெயர்.* முதலில் இதைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, உயர்தரச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், கடவுச்சீட்டு எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். என் தகப்பனாரின் பெயர் தம்பிராசா. ஆங்கிலத்தில் ஒன்றில் ரீ, எச் சேர்த்துத் தொடங்கியது, இன்னொன்றில் ரீ மட்டும், மூன்றாவதில் முதலெழுத்து மட்டுமே. வெளிநாட்டுக் கணினிக்கு அது மூன்று ஆள். கடவுச்சீட்டில் உள்ள எழுத்தையே இறுதியாக வைத்து, மற்றவை எல்லாம் அதே ஆளைக் குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஆங்கிலத்தில் ஒரு சத்தியக் கடதாசி முடித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் போதும். அதை எல்லா விண்ணப்பத்தோடும் இணையுங்கள்.

*தொலைந்தவை.* 2009இல் பதுங்கு குழிக்கும் தறப்பாளுக்கும் இடையில் சான்றிதழ் போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருத்தி. சாதாரணதர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்தில் இணையவழி விண்ணப்பித்து எடுக்கலாம், பத்தரமுல்லைக்குப் போகத் தேவையில்லை. சுட்டெண்ணும் ஆண்டும் வேண்டும். மறந்திருந்தால் படித்த பள்ளிக்கூடத்து வரவுப் புத்தகத்திலோ கூடப் படித்தவரின் அட்டையிலோ தேடுங்கள். எனக்கு அடுத்த சுட்டெண்ணில் சோதனை எழுதிய சிநேகிதியின் சான்றிதழில் இருந்துதான் என் எண்ணைப் பிடித்தேன். பிறப்புச் சான்றிதழின் அத்தாட்சிப் பிரதிக்குப் பிறப்புப் பதிவான இடத்துப் பிரதேச செயலகம்.

*மொழிபெயர்ப்பு.* பதிவுபெற்ற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்ததுதான் செல்லும். அவரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டுப் பிரதியையும் கொடுத்து, பெயரை அதைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

*பெறுபேற்றுப் பட்டியல்.* ஆங்கிலத்தில், பல்கலைக்கழகப் பதிவாளரின் முத்திரையோடு, மூடிய உறையில், ஒன்றுக்கு நாலாக எடுங்கள். உறையை உடைத்தால் செல்லாது. பார்க்கும் ஆசையில் நான் ஒன்றை உடைத்து வீணாக்கினேன். தமிழ்மூலம் படித்தவர்கள், பாடங்களின் உள்ளடக்கத்தை ஆங்கிலத்தில் ஒரு பக்கமாக எழுதித் துறைத்தலைவரின் கையொப்பம் வாங்கினால், உளவியல் பாடம் எத்தனை படித்தீர்கள் என்ற கேள்வி வராது. வெளிநாட்டுப் பட்டம் தங்கள் நாட்டில் எதற்குச் சமம் என்று பார்த்துச் சொல்லும் டபிள்யூ.ஈ.எஸ். போன்ற நிறுவனத்தின் மதிப்பீட்டைச் சில இடங்கள் கேட்கும். அதற்குப் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்து நேரே அவர்களுக்குப் போகவேண்டும், நீங்கள் அனுப்பினால் எடுக்கமாட்டார்கள். கேட்காத இடத்துக்கு அந்தக் காசைச் செலவழிக்காதீர்கள்.

*கடவுச்சீட்டு.* வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. முதல் மாதமே முடித்துவிடுங்கள், ஆங்கிலச் சோதனைக்கும் அது வேண்டும். சான்றிதழுக்கு வெளிநாட்டு அமைச்சின் அத்தாட்சி கேட்டால், கொன்சியுலர் பிரிவின் அலுவலகம் யாழ்ப்பாணத்திலும் உண்டு.

6. சோதனைகள்

ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலச் சோதனையை யாழ்ப்பாணத்தில் எழுதலாம். 6.5 தொடக்கம் 7 வரை கேட்பார்கள். பெறுபேறு 2 வருடம் மட்டும் செல்லும், ஆகவே மிக முந்தி எழுதவும் வேண்டாம். வீட்டிலிருந்து எழுதும் டுவோலிங்கோ ஆங்கிலச் சோதனை மலிவு, ஆனால் இடையில் மின்சாரமோ இணைப்போ போனால் சோதனை வீண். பட்டப்பின் படிப்புக்கான பொதுத் தகுதிச் சோதனையான ஜி.ஆர்.ஈ.க்குக் கட்டணம் 220 டொலர். பல பல்துறை நெறிகள் அதைக் கேட்பதில்லை. கேட்காவிட்டால் எழுதவேண்டாம்.

7. பரிந்துரைக் கடிதங்கள்

பெரும்பாலும் மூன்று. இரண்டு படிப்பித்தவர்கள், ஒன்று வேலையில் உங்களை நேரே பார்த்தவர். பெரிய பதவி பார்த்து உங்களைத் தெரியாதவரிடம் போகாதீர்கள். கொழுவி வைத்த பொன்னாடைப் படத்தால் பயன் இல்லை, "இவள் மழைக்குள் சைக்கிளில் போய் எட்டு வீடு பார்த்தாள்" என்று எழுதக்கூடியவர் வேண்டும்.

பொறி: பரிந்துரையாளரின் ஜிமெயில் முகவரியைப் பல இடங்கள் ஏற்காது, நிறுவன முகவரி வேண்டும். எங்கள் சேர்மார் பலர் நிறுவன முகவரியைத் திறப்பதே இல்லை. கடிதத்தை ஏற்றுவதற்கான இணைப்பு அவருக்கு மின்னஞ்சலில் போன அன்று தொலைபேசியில் சொல்லி, "சேர், குப்பைப் பெட்டியையும் ஒருக்கால் பாருங்கோ" என்று கேளுங்கள். முடிவுத் திகதிக்கு ஆறு கிழமை முந்தியே கேட்டு, நீங்கள் செய்தவற்றை ஒரு பக்கமாக எழுதிக் கொடுங்கள்.

8. காசு

விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் 75 தொடக்கம் 150 டொலர் வரை. மூன்று இடத்துக்கு மேல் போடாதீர்கள். மேற்பார்வையாளர் சரி சொன்ன இடத்துக்கு மட்டும் போட்டால் மூன்றே அதிகம். கட்டண விலக்கு இருக்கிறதா என்று கேட்க வெட்கப்படவேண்டாம். வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் திறந்துவிடக் கடிதம் கேட்பார்கள். அதை முடிவுத் திகதிக்கு முதல் நாள் செய்ய முடியாது.

கனடாவில் ஆய்வு மாணவருக்கு உதவிப்பணம், கற்பித்தல் உதவியாளர் வேலை எல்லாம் பெரும்பாலும் மேற்பார்வையாளரைச் சுற்றித்தான் இருக்கும். இரண்டாவது அழைப்பில் நேராகக் கேளுங்கள்: எத்தனை வருடத்துக்கு, எவ்வளவு, எழுத்தில் வருமா. அமெரிக்காவுக்கு என்றால் கொழும்பில் உள்ள ஃபுல்பிரைட் ஆணைக்குழுவின் முதுமாணிப் புலமைப்பரிசிலைப் பாருங்கள். படித்து முடிந்து 2 வருடம் நாட்டில் இருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. எங்கள் கேள்விகள் இங்கேதான் இருப்பதால் எனக்கு அது பாரமாகத் தெரியவில்லை.

வீசாவுக்குச் சொத்துக் காட்டுவதில் வன்னிக்கென்று ஒரு சிக்கல். எங்களில் பலரிடம் இருப்பது உறுதிக் காணி இல்லை, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணி. விரும்பியபடி விற்க முடியாத காணியை மதிப்பீட்டு அறிக்கையில் போட்டாலும் வீசா அலுவலர் அதைக் காசாகப் பார்க்கமாட்டார். அதைப் போடாவிட்டால் மதிப்பீட்டாளருக்குக் கொடுக்கும் காசாவது மிச்சம். வங்கிக் கூற்று, நிலையான வைப்பு, உதவிப்பணக் கடிதம், அனுசரணை தருகிறவரின் வருமானச் சான்று: இவைதான் நிற்கும். கடைசி மாதத்தில் ஒரே நாளில் பெருந்தொகை வந்து விழுந்த கணக்கு சந்தேகத்தைத் தரும். வெளிநாட்டு உறவினர் அனுப்பினால், அனுப்பிய கடிதத்தையும் சேர்த்து வையுங்கள்.

முகவர்களைப் பற்றி: இந்த வகைப் பட்டத்தை அவர்கள் அறியமாட்டார்கள், தரகு கிடைக்கும் கல்லூரிக்குத் திருப்பிவிடப் பார்ப்பார்கள். மேலே உள்ள எந்த வேலைக்கும் முகவர் தேவையில்லை.

9. நேர்காணல், வீசா

நேர மாற்றத்தை எழுதி ஒட்டுங்கள். குளிர்காலத்தில் மொன்றியல் எங்களுக்கு பத்தரை மணித்தியாலம் பின்னால். அங்கே காலை 10 என்றால் மொன்றியல் கணக்கில் எங்களுக்கு இரவு 8.30. நான் வீட்டில் செய்யாமல், சூரியமின் வசதி உள்ள ஒரு அக்கா வீட்டில் போய் இருந்தேன். கைப்பேசியில் வேறு நிறுவனத்து டேற்றாவையும் ஆயத்தமாக வைத்திருந்தேன். அன்று இரவு எங்கள் பக்கம் மின்சாரம் போனது.

அமெரிக்க மாணவர் வீசாவுக்கு, வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டொலர், விண்ணப்பக் கட்டணம் 185 டொலர். கனேடியப் படிப்பு அனுமதிக்கு 150 கனேடிய டொலர், விரல் அடையாளத்துக்கு 85. மொன்றியல் போகிறவர்கள் அதற்கு முதல் கியூபெக் மாகாணத்தின் ஏற்புச் சான்றிதழையும் எடுக்கவேண்டும், அது தனிக் கட்டணம், தனிக் காலம். கட்ட முன்னர் அரசின் பக்கத்தில் தொகையைச் சரிபாருங்கள்.

வீசா தவணைக்குள் வராவிட்டால் அனுமதியை அடுத்த தவணைக்குப் பிற்போட முடியுமா என்று கேளுங்கள். குழுவிலுள்ள மூவருக்கும் அதே நாளில் அறிவியுங்கள், அவர்கள் உங்களுக்காக இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

பயணத்துக்கு மூலச் சான்றிதழ்களைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். எல்லாவற்றையும் ஸ்கான் செய்து ஒரு பிரதியை மின்னஞ்சலிலும், அத்தாட்சிப்படுத்திய ஒரு கட்டைத் தண்ணீர் போகாத உறையில் வீட்டில் அம்மாவிடமும் கொடுத்துவிட்டு வாருங்கள்.